தனிக் கொட்டாங்குச்சி

அன்று காலை ஆஸ்பத்திரி லேபில், கிருமி வளர்க்கிற இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் நான் முதலில் தேடியது அம்மாவின் தட்டைத்தான். உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட சின்னத் தட்டு. மூடியின் மேல் முந்தின நாள் நானே மார்க்கரால் எழுதியிருந்தேன்: சின்னப்பொண்ணு, வலது கட்டைவிரல், சீழ்.

எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஆறிய கஞ்சியில் ஆடை படிந்ததுபோல் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்திருந்தது. அதன்மேல் நான் ஒட்டிவைத்த வெள்ளைக் காகிதப் பொட்டுகள். நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். அந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்றால், பொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் ஒரு வெறும் வட்டம் விழும். வட்டம் எவ்வளவு அகலமோ, மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

ஒவ்வொரு பொட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வட்டம் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பெரிய பெரிய டாக்டர்கள் எழுதுகிற மருந்துகளின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து முட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு நாள் முன்னால்தான் அறுவைசிகிச்சை டாக்டர் அம்மாவின் விரலைக் கீறிச் சீழ் எடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். சீழ் எலும்பைத் தொட்டுவிட்டால் மேல் கணுவை எடுக்க வேண்டி வரும் என்றார். மாடு கறக்கிறவளுக்குக் கட்டைவிரல் போய்விட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

தட்டைத் திருப்பினேன். ஓரத்தில், இப்போது யாரும் அதிகம் எழுதாத ஒரு பழைய மருந்தின் பொட்டு. அதைச் சுற்றி அகலமாக, சுத்தமாக, ஒரு வட்டம்.

கல்ச்சர் என்றால்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். திருச்சியில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, முதலில் அரியலூரில் ஒரு வேலையில் சிமென்ட் லாரித் தூசியோடு மல்லுக்கட்டிவிட்டு, பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபுக்கு வந்து சேர்ந்தேன்.

என்ன வேலை என்று அப்பா கேட்டபோது, கல்ச்சர் பார்க்கிறேன் என்று சொன்னேன். அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். வேலை நடந்த இடத்தில் எல்லோரிடமும், பையன் கலைநிகழ்ச்சி சம்பந்தமான வேலையில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகாட்டம் ஏற்பாடு செய்து தர முடியுமா என்று அவருடைய மேஸ்திரி எனக்கு போன் செய்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கினேன். கல்ச்சர் என்றால் வளர்ப்பது. நோயாளியின் சீழையோ சளியையோ எடுத்து, அதில் இருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது. அம்மா மாடு வளர்க்கிறாள், நான் கிருமி வளர்க்கிறேன்.

அப்பா சொன்னார்: "மாட்டயாவது கறக்கலாம்."

மடக்கிய விரல்

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும். அந்த நிலம் எதுவும் எங்களுடையது இல்லை. அம்மா அதில் களை எடுத்திருக்கிறாள், கதிர் ஒடித்திருக்கிறாள். மகளிர் குழுக் கடனில் ஒரு மாடு வந்தபிறகுதான் கூலிக்குப் போவதை விட்டாள். ஒன்று மூன்றாகியது. மூத்தது பெரியவ, அடுத்தது சின்னவ, மூன்றாவது கருப்பி. பக்கத்து வீட்டு மல்லிகா சித்திக்கு ஒரு மாடு. அவர்கள் வாசலில் இடமில்லாததால் அதையும் எங்கள் கொட்டகையில்தான் கட்டுவார்கள். அம்மாவும் சித்தியும் விடியலிலும் சாயங்காலமும் அருகருகே குந்தி, ஊர்க்கதை பேசிக்கொண்டே கறப்பார்கள். நடுவில் ஒரு கொட்டாங்குச்சியில் விளக்கெண்ணெய். அதில் விரலைத் தொட்டுக் காம்பில் தடவினால் கை வழுக்கும், காம்பு வெடிக்காது. இருவருக்கும் ஒரே கொட்டாங்குச்சிதான்.

அம்மா கட்டைவிரலை உள்ளே மடக்கித்தான் கறப்பாள். மடக்கிய கணுவுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் காம்பு சிக்கும். பால் சர்சர்ரென்று இறங்கும். இப்படிக் கறக்கிறவர்களின் கட்டைவிரல் கணுவில் காய்ப்புக் காய்த்திருக்கும். அம்மாவுக்கு அது புளியங்கொட்டை அளவு இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கையைப் பார்த்தே, இவள் மாடு கறக்கிறவள் என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். உடனே மாட்டின் விலை பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

பனிக்காலத்தில் அந்தக் காய்ப்பில் ஒரு வெடிப்பு விழுந்தது. அதே சமயத்தில் பெரியவளுக்கு மடிநோய். மடியின் ஒரு பக்கம் கல் மாதிரி ஆகி, பாலில் திரி திரியாக வந்தது.

இந்த இடத்தில் அம்மா செய்ததை எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் செய்வார்கள். வலியில் நிற்கிறவளைக் காக்கவைக்கக் கூடாது என்று பெரியவளை முதலில் கறந்தாள். கெட்ட பாலைப் பீய்ச்சி எடுத்து, மடியைத் தடவிக் கொடுத்து, ஆறுதலாக நாலு வார்த்தை பேசி, அப்புறம் அதே கையோடு, அதே எண்ணெயோடு, சின்னவளிடம் போனாள்.

பவர்

எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் அதிகம் கேட்கிற சொல் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன்: பவர்.

கொஞ்சம் பவரா குடுங்க. போன தடவ குடுத்தது பவர் பத்தல. மாட்டுக்குப் போடுற ஊசி, அதுல பவர் ஜாஸ்தி.

பெரியவளுக்கு ஊசி போட வந்தவர் டாக்டர் இல்லை. ஊசி போடப் பழகியவர். ஒரு நாள் போட்டார், வீக்கம் வற்றியது, நிறுத்தியாயிற்று. மறுபடி வீங்கியது. பவர் கூட்டிப் போட்டார். மறுபடி வற்றியது, மறுபடி நிறுத்தியாயிற்று. அம்மாவின் விரலுக்கும் இதே வைத்தியம்தான். கடையில் இரண்டு வேளைக்கு மாத்திரை, வலி குறைந்ததும் மிச்சத்தை மாடக்குழியில் வைத்துவிடுவது.

இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று நான் அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். லேசான கிருமி எல்லாம் செத்துப்போகும். மருந்துக்கு அசையாத ஒன்றிரண்டு மிஞ்சும். அப்புறம் அதுகள்தான் பெருகும். நான் முடிப்பதற்குள் அம்மா தலையை ஆட்டினாள்.

"கோரை மாதிரியா? பட்டும் படாம களை எடுத்தா மத்ததெல்லாம் வந்துரும், கோரை மட்டும் கெழங்கோட உள்ளயே கெடக்கும். அடுத்த மழைக்குப் பாத்தா கொல்லை பூரா அதான்."

அதேதான். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் போகிற விஷயம். இப்போது நான் யாருக்கு விளக்கினாலும் கோரையில்தான் ஆரம்பிக்கிறேன்.

தட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் அந்தப் பழைய மருந்தையே எழுதினார். இத்தனை நாளைக்கு, ஒரு வேளைகூட விடாமல் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற மாத்திரையாயிற்றே, இதில் என்ன பவர் இருக்கும் என்று வழியெல்லாம் புலம்பினாள். பஸ் ஸ்டாண்டில் வைத்து போனில் இருந்த தட்டின் படத்தைக் காட்டினேன். வட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வட்டம் தெரியும்.

"இதான் அந்த மாத்திரையா?"

"இதேதாம்மா."

"கிட்டயே வரலியே ஒண்ணும்," என்றாள். அதற்குப் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை.

பிளாஸ்கில் பெரியவ

கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அன்றைக்கே ஸ்கூட்டரில் கொட்டகைக்கு வந்துவிட்டார். பெரியவளின் காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, சின்ன பாட்டிலில் பால் பிடித்துக் கொடுத்தார். அவர்கள் துறையின் லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

பாட்டிலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் பிளாஸ்கைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் யாரு என்று அக்கறையாகக் கேட்டார். மாடு என்றேன். மாட்டுக்கு யாராவது பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோவார்களா என்றார். இது மாட்டின் பால், டெஸ்ட்டுக்குப் போகிறது என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர், இப்ப மாட்டுக்கும் சுகர் பாக்கிறாங்களா என்று கேட்டுவிட்டு, தன்னுடைய சுகரைப் பற்றி இறங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

பெரியவளின் தட்டைப் பார்க்க நானும் போனேன். பக்கத்தில் அம்மாவின் தட்டுப் படத்தை போனில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவும் நானும் ஒவ்வொரு பொட்டாக ஒத்துப் பார்த்தோம். அங்கே வட்டம் இல்லாத இடத்தில் இங்கேயும் இல்லை. அங்கே விழுந்த வட்டம் இங்கேயும் விழுந்திருந்தது.

இரண்டும் ஒரே கிருமி என்று அடித்துச் சொல்ல இன்னும் பெரிய பரிசோதனை வேண்டும். அந்த வசதி அங்கே இல்லை. அவர் சொன்னது, "ரெண்டுக்கும் ஒரே முகஜாடைதான்."

சாயங்காலம் கொட்டகையில் அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் அதுக்குக் குடுத்தனா, அது எனக்குக் குடுத்துச்சா?"

"அதச் சொல்ல முடியாதும்மா. ரெண்டும் நடக்கும்."

"ஒரு வழியா சொல்லுங்களேன்."

"தெரிஞ்சுகிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க, மாட்டு மேல கேஸு போடப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, அவர் செய்ய வேண்டியதைச் சொன்னார். கை ஆறுகிற வரை அம்மா எந்த மாட்டையும் தொடக் கூடாது. நல்ல மாடுகளை முதலில் கறக்க வேண்டும், நோய் மாட்டைக் கடைசியில். ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மருந்து போடுகிற நாளில் பெரியவளின் பால் சொசைட்டிக்கும் போகக் கூடாது, கன்றுக்கும் ஊட்டக் கூடாது. எண்ணெயே வேண்டாம். விடவே முடியாது என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெயைத் தொடக் கூடாது.

யாருக்குத் தனி

முதல் நாள் நான் கறந்தேன். லேபில் இருந்து நீலக் கையுறை வாங்கி வந்திருந்தேன். சின்னவ ரப்பர் வாசத்துக்கு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பாலை இறக்காமல் மேலே ஏற்றிக்கொண்டது. கருப்பி உதைத்த உதையில் குவளை சுவரில் போய் அடித்தது. அம்மா தூரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மல்லிகா சித்தி வந்து என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். தன் மாட்டோடு சேர்த்து எங்கள் மூன்றையும் அவளே கறந்துவிடுவதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கொட்டாங்குச்சியில் விரலை வைத்தாள். அம்மா அத்தனை நாளும் சீழ் விரலால் தொட்ட அதே எண்ணெய்.

நான் அவசரமாகச் சொன்னேன்: "சித்தி, அதத் தொடாதீங்க. உங்களுக்குத் தனியா வெச்சுக்கங்க. அம்மாதுல கை வெக்க வேணாம்."

சித்தி கையை எடுத்தாள். முந்தானையில் விரலைத் துடைத்தாள்.

"யாருக்குத் தம்பி தனி?"

நான் கிருமி, தொற்று என்று ஆரம்பித்தேன்.

"தனி கெளாசெல்லாம் நாங்க பாத்தாச்சு," என்றாள் சித்தி. "படிச்சிட்டு வந்து நீயுமா வெக்கிற?"

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு டீக்கடை இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அங்கே கூரையில் செருகிய தனி கிளாஸ். குடித்துவிட்டுக் கழுவி அதே இடத்தில் செருக வேண்டும். நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்குள் அது ஒழிந்துவிட்டது. அம்மாவும் சித்தியும் சின்ன வயதில் அந்த கிளாஸைக் கழுவியவர்கள். அதனால் 'தனி' என்ற சொல்லுக்கு என் காதில் ஒரு அர்த்தம், அவர்கள் காதில் வேறு அர்த்தம். நான் சொன்ன விஷயம் சரி. இன்றைக்கும் சரிதான். அதைச் சொல்ல நான் எடுத்த சொல்தான் அந்தக் கொட்டகையில் செல்லாத சொல்.

சித்தி கறந்து முடித்துவிட்டுத்தான் போனாள். மறுநாள் விடியலில் அவள் மாடு கொட்டகையில் இல்லை. தன் வீட்டு வாசலில், தெருவிலேயே முளை அடித்துக் கட்டியிருந்தாள்.

மூன்று மாடும் மடி நிறைந்து கத்தின. அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் கிட்டே போனாலே கருப்பி காலைத் தூக்கியது. அம்மா திரும்பி உட்கார்ந்தாள். பல்லால் கட்டின் முடிச்சைப் பிரிக்கிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

"அம்மா, விரல் போயிடும்மா."

"மடி வெடிச்சுரும் போலிருக்கேடா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு ஒன்றாக எண்ணெய் வைத்தால் தீர்ந்தது, சித்தியிடம் போய் நான் புரியவைக்கிறேன் என்றேன். அம்மா கொட்டாங்குச்சியைப் பார்த்தாள்.

"ஆளுக்கு ஒண்ணுன்னா அவ வர மாட்டா," என்றாள். "மாட்டுக்கு ஒண்ணு வெய்யி."

பழைய எண்ணெயைச் சாம்பலில் கொட்டி, கொட்டாங்குச்சியை அடுப்பில் எறிந்தோம். வீட்டில் உரித்து வைத்திருந்த தேங்காய்களை நான் உடைத்தேன். அவற்றைச் சுரண்டி, ஓடுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். நாலு கொட்டாங்குச்சி. அம்மா அவற்றை ஒரு கூடையில் போட்டு இடது கையில் தூக்கிக்கொண்டு நேராகச் சித்தியின் வாசலுக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"ஏ மல்லிகா, தனி உனக்கில்லடி. மாட்டுக்கு. பெரியவளுக்கு ஒண்ணு, சின்னவளுக்கு ஒண்ணு, கருப்பிக்கு ஒண்ணு, உன்னுதுக்கு ஒண்ணு. நீ கறந்தாலும் அதான், நான் கறந்தாலும் அதான். அதுங்க ஒண்ணும் டீக்கடையில போயி நியாயம் கேக்காது."

சித்தி கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள்.

மடங்காத விரல்

அறிவியல்படியும் அம்மா சொன்னதுதான் மேல். இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு எண்ணெய் வைத்துக்கொண்டு நாலு மாட்டையும் தொட்டால் கிருமிக்கு இரண்டு பாதை. மாட்டுக்கு ஒன்று என்றால் எண்ணெய் வழியாக ஒரு மாட்டில் இருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, எண்ணெயே வேண்டாம் என்றேனே என்று முதலில் கோபப்பட்டார். பிறகு கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, மாட்டுக்கு ஒன்றாகக் கொட்டாங்குச்சிகளை உறி போலத் தொங்கவிட்டிருந்ததைப் படம் எடுத்துக்கொண்டார்.

பெரியவளைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. எப்போதும் முதலில் கறந்து பழகிய மாடு. கடைசியில் நிறுத்தியபோது கயிற்றை இழுத்துக் கத்தியது. அதன் நாலு காம்பில் ஒன்று வற்றியே போனது. மூன்றில்தான் இப்போது பால். விற்றுவிடலாம் என்று சொன்னவர்களிடம், எனக்கும் ஒரு விரல் சரியில்லை, என்னையும் விற்றுவிடுவீர்களா என்று அம்மா கேட்டாள்.

ஆனால் அந்த விரல் தப்பித்தது. கடைசி மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து, ஆறிய இடத்தை மறுபடி பஞ்சால் துடைத்தெடுத்து லேபில் வைத்தேன். அதே இன்குபேட்டர், மூடியில் அதே பெயர். காலையில் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். அந்தக் கிருமியின் சுவடே இல்லை. அதற்காகச் சோப்பை விடவில்லை. அது வேறு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

கணு மட்டும் இறுகிவிட்டது. கட்டைவிரல் மடங்காது. அதனால் அம்மா இப்போது முழுக் கையால், மற்ற நாலு விரலும் உள்ளங்கையும் சேர்த்துக் கறக்கிறாள். காம்புக்கு அதுதான் நல்லது என்று டாக்டரம்மாவும் சொல்கிறார். கறக்கும்போது கட்டைவிரல் மட்டும் மேலே நிமிர்ந்து நிற்கும். மாட்டுக்கு லைக் போட்டுக்கிட்டே கறக்குது என்று அப்பா கிண்டல் செய்வார்.

போன மாதம் சித்தி இன்னொரு மாடு வாங்கினாள். ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருந்து மினி வேனில் வந்து இறங்கியது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எனக்கு அன்றைக்கு லீவு. சித்தி அதைக் கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள். கயிற்றைக் கட்டுவதற்கு முன்னால் நின்று, சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்தாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நாளுக்குப் பிறகு எங்களுக்குள் அந்தச் சொல் வந்ததே இல்லை.

"ஏக்கா," என்றாள், கொஞ்சம் உரக்கவே. "புதுசா வந்தவளுக்குத் தனி எங்க?"

அம்மா கறப்பதை நிறுத்தவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்து, மடங்காத கட்டைவிரலால் சுவரைக் காட்டினாள். ஐந்தாவது ஆணியில் கொட்டாங்குச்சி ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.